ரோஸ் தண்ணிக்குள்ளே ஒரு ரகசியம்!

கிட்னியை டெஸ்ட் பண்ண வந்த ஒரு சாயம், கேன்சர் செல்களுக்கு பூஸ்ட் கொடுத்த கதை!

பயோடெக் படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது உங்களுக்கு இருக்காங்களா? ஒரு தடவை அவங்க லேப் ஃப்ரிட்ஜை எட்டிப் பாருங்க. ரோஸ் சர்பத் மாதிரி ஒரு திரவம், பாட்டில் பாட்டிலா அடுக்கி வெச்சிருப்பாங்க. தாகமா இருக்கேன்னு எடுத்துக் குடிச்சிடாதீங்க பாஸ்! அது செல்களுக்கான சாப்பாடு. சர்க்கரை, உப்பு, வைட்டமின், அமினோ அமிலம் எல்லாம் கலந்த 'மீடியம்'. அதுக்கு அந்தக் கலரைக் கொடுக்கிறது, ஒரு லிட்டருக்கு சில மில்லிகிராம் மட்டும் சேர்க்கப்படும் ஒரு சாயம். பேரு ஃபீனால் ரெட்.

இந்த ஃபீனால் ரெட்டை நீங்களும் எங்கேயோ பார்த்திருப்பீங்க. நீச்சல் குளத்துத் தண்ணியில் ரெண்டு சொட்டு விட்டு, கலரைப் பார்த்து பி.ஹெச் சொல்வாங்களே, அந்த கிட்டில் இருப்பது இதுதான். மைக்ரோபயாலஜி பசங்க யூரியேஸ் டெஸ்ட் பண்ணும்போது மஞ்சள் மீடியம் திடீர்னு பிங்க் ஆகுமே, அதுவும் இதே ஆள்தான்.

பார்த்தா சாதுவா இருக்கிற இந்தச் சாயத்துக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. முதல் பாதி ஆஸ்பத்திரியில், இரண்டாம் பாதி கேன்சர் லேபில். க்ளைமாக்ஸில் ஒரு செம ட்விஸ்ட்!

கிட்னிக்கு வைத்த பரீட்சை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருக்கிறது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அங்கே ஐரா ரெம்சன் என்று ஒரு வேதியியல் பேராசிரியர். சாக்கரின் கண்டுபிடிப்பில் அடிபடுகிற அதே ரெம்சன்தான். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான் இந்தச் சாயம். முழுப்பெயர் ஃபீனால்சல்ஃபோன்ஃப்தலீன். மூச்சு முட்டுதா? டாக்டர்களுக்கும் முட்டியிருக்கும் போல. அதனால் பி.எஸ்.பி என்று சுருக்கிவிட்டார்கள்.

1910-ல் அதே ஹாப்கின்ஸைச் சேர்ந்த ரவுன்ட்ரீ, கெராட்டி என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு ஐடியா பிடித்தார்கள். கிட்னி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? சிம்பிள். 6 மில்லிகிராம் சாயத்தை ஊசியில் போடு. சிறுநீரைப் பிடி. எவ்வளவு சாயம் திரும்பி வருகிறது என்று அள!

நம்ம இன்ஜினீயரிங் பாஷையில் சொன்னால், இன்புட் தெரியும், அவுட்புட்டை அளக்கலாம். நடுவில் இருக்கிற பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். நல்ல கிட்னி என்றால் போட்ட சாயத்தில் பாதிக்கு மேல் 2 மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும். கிட்னி டல் அடித்தால் சாயமும் லேட்டாக வரும்.

இதில் ஒரு குட்டி மேஜிக்கும் உண்டு. அமிலத்தில் இந்தச் சாயம் மஞ்சள், காரத்தில் சிவப்பு. சிறுநீர் பொதுவாக அமிலப் பக்கம் இருப்பதால் சாயம் அதில் கலந்திருப்பதே தெரியாது. கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் பளிச்சென்று சிவக்கும். அந்தச் சிவப்பு எவ்வளவு அடர்த்தி என்று நிறமானியில் ஒப்பிட்டுப் பார்த்தால் அளவு ரெடி.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தச் சாயம் கைகொடுத்தது. கிட்னி என்பது வெறும் வடிகட்டியா, இல்லை தன் குழாய்களின் சுவர் வழியாகவும் பொருள்களை வெளியே தள்ளுகிறதா என்று பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. 1923-ல் மார்ஷலும் விக்கர்ஸும் இதே சாயத்தை வைத்துத்தான், தள்ளவும் செய்கிறது என்று காட்டினார்கள்.

அப்புறம் காலம் மாறிப்போச்சு. இன்னைக்கு கிட்னி டெஸ்ட் என்றால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கிறார்கள். பி.எஸ்.பி வழக்கத்திலிருந்து விடைபெற்றுவிட்டது. ஆனால் சாயம் ரிட்டையர் ஆகவில்லை. லேபில் வேறு வேலை கிடைத்துவிட்டது.

லேபில் டிராஃபிக் சிக்னல்

உடம்புக்கு வெளியே செல் வளர்ப்பது கைக்குழந்தை வளர்ப்பது மாதிரி. 37 டிகிரி சூடு வேண்டும். 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். பி.ஹெச் 7.4-ஐ ஒட்டி இருக்க வேண்டும். செல்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு அமிலத்தைக் கக்கும். மீடியத்தை எப்போது மாற்றுவது என்று தெரிய வேண்டுமே?

அங்கேதான் ஃபீனால் ரெட் வந்தது. மீடியம் சிவப்பாக இருந்தால் எல்லாம் ஓகே. ஆரஞ்சு, மஞ்சள் என்று போனால் செல்களுக்குப் புதுச் சாப்பாடு போடணும், இல்லையென்றால் பாக்டீரியா புகுந்துவிட்டது. அடர் பிங்க் ஆனால் காரம் ஏறிவிட்டது. பாட்டிலைத் திறக்காமல், மீட்டர் வைக்காமல், ஒரு பார்வையில் மேட்டர் முடிஞ்சது! டி.எம்.இ.எம் என்ற பிரபலமான மீடியத்தில் லிட்டருக்கு 15 மில்லிகிராம் போடுவார்கள்.

'இது சும்மா கலர். செல்லை ஒண்ணும் பண்ணாது' என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். வருஷக்கணக்காக!

வளரக் கூடாத செல் வளர்ந்தது

இப்போ கதையின் ஹீரோயின் என்ட்ரி. பேர் எம்.சி.எஃப்-7. மனுஷி இல்லை, ஒரு செல் வகை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்பகப் புற்றுநோயோடு இருந்த 69 வயது கன்னியாஸ்திரி ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எடுக்கப்பட்டவை. 1973-ல் மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன் விஞ்ஞானிகள் இதை உலகத்துக்கு அறிவித்தார்கள். எம்.சி.எஃப் என்பது அந்த நிறுவனத்தின் இனிஷியல்தான். அந்த அம்மா 1970-லேயே இறந்துவிட்டார். அவருடைய செல்கள் இன்னைக்கும் உலகம் முழுக்க லேப்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன.

இந்தச் செல்லுக்கு ஏன் இவ்வளவு மவுசு? இதற்குள் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டார் இருக்கிறது. ரிசப்டார் ஒரு பூட்டு, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அதன் சாவி. சாவி பூட்டில் விழுந்தால் செல்லுக்கு 'வளரு' என்று ஆர்டர் போகும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படி ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்பவை. அந்த ஆர்டரை எப்படி நிறுத்துவது என்று கண்டுபிடிக்க எம்.சி.எஃப்-7 ஒரு அருமையான மாடல்.

ஆனால் 1980-களின் தொடக்கத்தில் ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மீடியத்தில் சேர்க்கும் சீரத்தில் இயற்கையாகவே ஹார்மோன் இருக்கும் என்பதால் கரித்தூள் போட்டு அதை உறிஞ்சி எடுத்தார்கள். இப்போது ஈஸ்ட்ரோஜன் கிடையாது, செல் மெதுவாக வளர வேண்டும். ஆனால் அது பாட்டுக்கு ஜாலியாக வளர்ந்தது! சரி, ஈஸ்ட்ரோஜனைச் சேர்த்தால் எகிறணுமே? பல லேப்களில் பெரிய வித்தியாசமே இல்லை. உடம்பில் ஈஸ்ட்ரோஜனுக்கு ஆடுகிற கேன்சர், பெட்ரி டிஷ்ஷில் ஏன் ஆடவில்லை?

குற்றவாளி கண்ணெதிரே!

1986-ல் விடை வந்தது, இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து. பெர்த்துவா என்ற ஆராய்ச்சியாளரும், பெனிடா - ஜான் காட்ஸெனெலென்போகன் என்ற விஞ்ஞானி தம்பதியும் (பேரை வேகமா மூணு தடவை சொல்லிப் பாருங்க!) யாரும் சந்தேகப்படாத ஆளைச் சந்தேகப்பட்டார்கள். மீடியத்தில் இருக்கிற அந்தச் சிவப்புக் கலர்!

காரணம் இல்லாமல் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறின் ஒரு முனையில் ஃபீனால் வளையம் உண்டு. ஃபீனால் ரெட்டிலும் ஃபீனால் உண்டு, பேரிலேயே இருக்கே! அதன் அமைப்பு செயற்கை ஈஸ்ட்ரோஜன்கள் சிலவற்றின் ஜாடையில் வேறு இருந்தது.

டெஸ்ட் பண்ணிப் பார்த்தார்கள். ஃபீனால் ரெட் அந்த ஈஸ்ட்ரோஜன் பூட்டில் உட்காருகிறது! ஆனால் ரொம்ப லூசாக. எஸ்ட்ரடயால் என்ற அசல் ஹார்மோனின் பிடிமானம் 100 என்றால் இதற்கு வெறும் 0.001. இது ஒரு மேட்டரா என்று கேட்கலாம். ஆனால் மீடியத்தில் ஃபீனால் ரெட் இருக்கும் அளவைப் பாருங்கள். 15 முதல் 45 மைக்ரோமோலார். எஸ்ட்ரடயாலுக்கு ஒரு நானோமோலாரே தாராளம். அதோடு ஒப்பிட்டால் பல ஆயிரம் மடங்கு கூட்டம். ஒவ்வொருத்தனும் நோஞ்சான்தான், ஆனால் மாநாட்டுக் கூட்டம் மாதிரி வந்தால் கதவு திறந்துதானே ஆகணும்?

திறந்தது. அந்தச் சாயம் இருந்த மீடியத்தில் எம்.சி.எஃப்-7 செல்களின் எண்ணிக்கை அதிகபட்சமாக இரண்டு மடங்கு ஆனது. ஈஸ்ட்ரோஜன் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளமான புரோஜெஸ்டிரோன் ரிசப்டார் மூன்று மடங்கு ஆனது. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டாரே இல்லாத வேறொரு மார்பகப் புற்றுநோய் செல்லில் போட்டுப் பார்த்தார்கள். அசையவே இல்லை. ஆக, கேஸ் கிளியர். அந்தப் பூட்டு வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

'ஈஸ்ட்ரோஜன் இல்லாத மீடியம்' என்று லேபிள் ஒட்டின பாட்டிலில் ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடிக்கிற ஆள் உட்கார்ந்திருந்தான். அதுவும் ஒளிந்துகொண்டு இல்லை, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு!

மருந்து விஷயத்திலும் குழப்பம்

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? இருக்கு. டாமாக்சிஃபென் மார்பகப் புற்றுநோய்க்கு 1970-களிலிருந்து கொடுக்கப்படும் முக்கியமான மருந்து. ஈஸ்ட்ரோஜன் பூட்டில் தான் போய் உட்கார்ந்துகொண்டு அசல் சாவியை விடாமல் தடுப்பது அதன் வேலை. லேபில் 'ஈஸ்ட்ரோஜன் இல்லாத' செல்களுக்கு அதைக் கொடுத்தபோதும் வளர்ச்சி குறைந்தது. தடுப்பதற்கு ஈஸ்ட்ரோஜனே இல்லையே, அப்போ எதைத் தடுத்தது? இந்த மருந்து தனியாகவே செல்லை அடக்குகிறதோ என்ற எண்ணம் வந்தது.

இல்லினாய் டீம் சாயம் இல்லாத மீடியத்தில் அதே சோதனையைச் செய்தது. டாமாக்சிஃபென் கொடுத்தும் வளர்ச்சி கன்ட்ரோலுக்குக் கீழே இறங்கவில்லை. அதாவது முன்பு மருந்து தடுத்தது, சாயம் கொடுத்த பூஸ்ட்டைத்தான்! மருந்து நோயாளிகளுக்கு வேலை செய்வதில் இதனால் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஏனென்றால் உடம்பில் நிஜமான ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ஆனால் 'எப்படி வேலை செய்கிறது' என்று சொன்ன கதையில் ஒரு பகுதியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

க்ளைமாக்ஸ் ட்விஸ்ட்

படம் முடிஞ்சுதுன்னு எழுந்திருக்காதீங்க. இரண்டு வருஷம் கழித்து, 1988-ல் அதே குழு இன்னொரு குண்டு போட்டது. இந்த முறை பிண்டல் என்ற ஆராய்ச்சியாளர் முன்னணியில். கடையில் வாங்கின ஃபீனால் ரெட்டைச் சுத்தம் செய்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தார்கள்.

முடிவு? ஈஸ்ட்ரோஜன் வேஷம் போட்டது ஃபீனால் ரெட்டே இல்லை! அதைத் தயாரிக்கும்போது கூடவே உருவாகி, துளியூண்டு ஒட்டிக்கொண்டு வருகிற ஓர் அசுத்தம். கொழுப்பில் கரையும் ரகம். அது அந்தப் பூட்டைப் பிடிக்கிற பிடி, அசல் எஸ்ட்ரடயாலின் பிடியில் பாதி!

கால்குலேட்டர் எடுங்க. சாயத்தின் பிடிமானம் 0.001 என்று பார்த்தோம். அசுத்தத்தின் பிடிமானம் 50. வகுத்தால் 50,000 மடங்கு. அப்படியென்றால் 50,000 மூலக்கூறு சாயத்துக்கு ஒரே ஒரு மூலக்கூறு அசுத்தம் இருந்தாலே, முதலில் பார்த்த அந்தப் பிடிமானம் வந்துவிடும். 99.99 சதவீதம் சுத்தம் என்று பாட்டிலில் போட்டிருந்தால் நாம் சந்தோஷமாக வாங்கிவிடுவோம். இந்தக் கணக்குப்படி அந்தச் சுத்தமே போதாது!

வடலூர் ஞானசபையில் தைப்பூசத்துக்கு ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கி ஜோதி காட்டுவார்கள். எங்க ஊர்க்காரனாகச் சொல்றேன், இந்த ஆராய்ச்சியும் அப்படித்தான் போயிருக்கிறது. 1986-ல் ஒரு திரை விலகியது, 'சாயம்தான் காரணம்' என்று தெரிந்தது. அங்கேயே நின்றிருந்தால் தப்பான ஆளைப் பிடித்துக் கேஸை மூடியிருப்பார்கள். அடுத்த திரையையும் அவர்களே விலக்கினார்கள். தங்கள் பேப்பரையே தாங்கள் திரும்பத் தோண்டுவதற்கு எவ்வளவு தில் வேணும்!

பிளாஸ்டிக்கும் சும்மா இல்லை

இதே எம்.சி.எஃப்-7 செல், லேபுக்குள் ஒளிந்திருந்த வேறு ஆட்களையும் பிடித்துக் கொடுத்தது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோ, கார்லோஸ் சோனன்ஷைன் இருவரும் வேலை செய்தபோது, ஈஸ்ட்ரோஜன் சேர்க்காமலே செல்கள் வளர்ந்தன. தேடிப் பிடித்தால், பிளாஸ்டிக் டியூபிலிருந்து கசிந்த நோனைல்ஃபீனால்! 1991-ல் வெளியிட்டார்கள். 1993-ல் ஸ்டான்ஃபோர்டில் கிருஷ்ணன், ஃபெல்ட்மேன் குழு, பாலிகார்பனேட் குடுவையை ஆட்டோகிளேவில் சூடாக்கும்போது பிஸ்ஃபீனால்-ஏ என்ற ஈஸ்ட்ரோஜன் வேஷதாரி கசிகிறது என்று காட்டியது. பி.பி.ஏ என்றால் தெரியுமே? தண்ணி பாட்டிலில் 'பி.பி.ஏ இல்லை' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதே ஆள். ஐரோப்பிய யூனியன் 2011-ல் பால் புட்டிகளில் அதைத் தடை செய்தது.

அப்போ கிட்னி டெஸ்ட் எடுத்தால் கேன்சரா?

இப்படி ஒரு மெசேஜ் நாளைக்கே வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் ஆகலாம். அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆராய்ச்சி அப்படிச் சொல்லவில்லை.

ஒன்று, எம்.சி.எஃப்-7 ஏற்கெனவே கேன்சர் செல். நல்ல செல்லைக் கேன்சராக மாற்றுவது வேறு, கேன்சர் செல்லை வேகமாக வளர விடுவது வேறு. பார்த்தது இரண்டாவதைத்தான்.

இரண்டு, டிஷ்ஷில் செல்கள் நாள்கணக்கில் அந்தச் சாயத்திலேயே ஊறிக்கொண்டு இருந்தன. நோயாளிக்குப் போட்டது ஒரு தடவை, 6 மில்லிகிராம். அதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் வெளியே போய்விடும்.

மூன்று, அந்த டெஸ்ட்டே இப்போது வழக்கத்தில் இல்லை. உங்க தாத்தாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற கிரியாட்டினின் டெஸ்ட்டில் எந்தச் சாயத்தையும் உடம்புக்குள் ஏற்றுவதில்லை. ரத்தம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். பயந்துகொண்டு அதைத் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

'இந்தக் கெமிக்கலால் செல் வளர்ந்தது' என்ற செய்தியைப் படித்தால் உடனே கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான்: எந்தச் செல்? எவ்வளவு? எத்தனை நாள்? எதோடு ஒப்பிட்டார்கள்?

கடலூர் பக்கம் இருக்கிற நமக்கு இது வெறும் லேப் கதை இல்லை. கெமிக்கல், கேன்சர் என்ற இரண்டு வார்த்தையும் ஒன்றாகச் சேர்ந்து வருவதைச் சிப்காட் சுற்று வட்டாரத்தில் பல வருஷமாகக் கேட்கிறோம். 2004-ல் அங்குள்ள ஊர் மக்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, பக்கெட்டுக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து லேப் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த மாதிரி வேலையில் இறங்குகிறவர்களுக்கு இந்தச் சாயத்தின் கதை நேரடியாக உதவும். ஊர்க்காற்று பிடித்த பையோடு, சுத்தமான காற்று அடைத்த வெறும் பை ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லையென்றால் 'அது பையிலிருந்து வந்த வாசம்' என்று எதிராளி சுலபமாகத் தட்டிவிட்டுப் போய்விடுவான். ஒழுங்கான ஒப்பீடு இருந்தால்தான் பாதிக்கப்பட்டவர் சொல்லுக்கு எடை கூடும்.

மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு பார்ட்தான்!

இதெல்லாம் பயாலஜி பசங்க கவலை என்று நம்ம டிபார்ட்மென்ட் மக்கள் நழுவ வேண்டாம். முதல் வருஷ எலெக்ட்ரிக்கல் லேபை ஞாபகப்படுத்துங்க. 10 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இரண்டு, வரிசையாக. நடுவில் எவ்வளவு வரும்? 5 வோல்ட். அங்கே ஒரு மெகா ஓம் இன்புட் ரெசிஸ்டன்ஸ் உள்ள மீட்டரை வையுங்கள். 3.33 வோல்ட்தான் காட்டும்! மீட்டர் பொய் சொல்லவில்லை. அது உள்ளே வந்ததும் சர்க்யூட்டே மாறிவிட்டது. ஃபீனால் ரெட் செய்ததும் இதேதான். பி.ஹெச்சை வேடிக்கை பார்க்க வந்த மீட்டர், சர்க்யூட்டுக்குள் ஒரு பார்ட்டாக உட்கார்ந்துவிட்டது.

புராஜெக்ட் பண்றவங்களுக்கு 5 டிப்ஸ்!

1. ஹார்மோன் சம்பந்தப்பட்ட செல் வேலை என்றால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் கேளுங்கள். கலரே இல்லாமல் கிடைக்கிறது. இப்போது அந்தத் துறையில் அதுதான் வழக்கம்.

2. சீரத்தையும் கரித்தூளில் ஹார்மோன் நீக்கியதாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான்.

3. மருந்தைக் கரைக்கிற திரவத்தை மட்டும் தனியாக ஒரு செட் செல்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். வளர்ந்தது மருந்தாலா, கரைத்த திரவத்தாலா என்று தெரிய வேண்டாமா?

4. பாட்டிலின் பேட்ச் நம்பரை ரெக்கார்டில் எழுதுங்கள். அசுத்தம் எல்லா பேட்ச்சிலும் ஒரே அளவில் இருக்காது. போன மாசம் வந்த ரிசல்ட் இந்த மாசம் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

5. எதிர்பார்க்காத ரீடிங் வந்தால் அடித்துவிட்டு 'சரியான' நம்பரை எழுதாதீர்கள். பக்கத்து பெஞ்ச் ரெக்கார்டைப் பார்த்து காப்பி அடிக்கவும் வேண்டாம். வளரக் கூடாத செல் வளர்ந்தபோது, சில பேர் அதைத் தள்ளிவிட்டுப் போகாமல் நின்று பார்த்ததால்தான் இந்தக் கதையே நமக்குக் கிடைத்தது.

அடுத்த தடவை பயோடெக் லேப் பக்கம் போனால், அந்த ரோஸ் பாட்டிலைக் காட்டி, 'மச்சி, இந்தக் கலர் இல்லாம ஒரு தடவை பண்ணிப் பார்த்தியா?' என்று கேளுங்கள். முறைத்தாலும் பரவாயில்லை. நல்ல கேள்விதான்!